பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்கான பல்துறை முதுகலைக் கல்வி (விழுப்புரம் மாவட்டம்)

பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்கான பல்துறை முதுகலைக் கல்வி என்பது, பள்ளி ஆசிரியர்களும் பிற பணியாளர்களும் தம் வேலையை விடாமல், பல பாடங்கள் இணைந்த ஒரு துறையிலோ தாம் முன்பு கற்ற பாடத்திற்கு அப்பாற்பட்ட ஒரு துறையிலோ முதுகலைப் பட்டம் பெறும் கல்விமுறை ஆகும். தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில், குறிப்பாக விழுப்புரம், திண்டிவனம் ஆகிய நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் பணிபுரிவோருக்கு, இக்கல்வி பெரும்பாலும் தொலைநிலைக் கல்வி வழியாகவே கிடைக்கிறது. இத்தகைய படிப்புகளில் சேர்வது எளிது. ஆயினும் பெற்ற பட்டம் பணியில் எதற்குப் பயன்படும் என்பது, படிப்பிற்குரிய ஏற்பு, பட்டங்கள் பெறப்பட்ட வரிசை, பாடப் பொருத்தம் ஆகிய மூன்றையும் பொறுத்து அமைகிறது.

பெயரும் பொருளும்

ஒரே பாடத்தை ஆழமாகக் கற்பிக்கும் மரபான முதுகலைப் படிப்பிலிருந்து பல்துறைப் படிப்பு வேறுபட்டது. இது ஒரு பொருளை மையமாகக் கொண்டு, அதனை விளக்கத் தேவையான பல பாடங்களைச் சேர்த்துக் கற்பிக்கிறது. எடுத்துக்காட்டாக, ஊரக வளர்ச்சி என்னும் படிப்பில் பொருளியல், சமூகவியல், நிர்வாகவியல், வேளாண்மை ஆகியவற்றின் கூறுகள் இடம்பெறுகின்றன. கல்வியியல், பெண்ணியம், மொழிபெயர்ப்பியல், சூழலியல், நாட்டார் வழக்காற்றியல், காந்தியமும் அமைதியும், மனித உரிமைகள் முதலியனவும் இவ்வகையைச் சேர்ந்தவை.

பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்கெனப் பல்துறை முதுகலைப் படிப்பை அமைக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வளர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகம் 1953 இல் தொடங்கிய படிப்பு இதற்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. அது தொடக்கத்தில் பள்ளி ஆசிரியர்களை முதன்மையாகக் கருதி, கோடை விடுமுறையில் நடத்தப்பட்டது. பிரித்தானியாவில் 1969 இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் வேலை செய்யும் முதியோர் வீட்டிலிருந்தே பட்டம் பெற வழிசெய்தது. இலங்கையிலும் இந்தியாவிலும் பின்னர் உருவான திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் இதனை முன்மாதிரியாகக் கொண்டன. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980 இல் நிறுவப்பட்டது.

மாவட்டப் பின்னணி

விழுப்புரம் மாவட்டம் பழைய தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து செப்டம்பர் 30, 1993 அன்று பிரிக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 34,58,873 ஆகும். எழுத்தறிவு ஏறத்தாழ 72 விழுக்காடாக இருந்தது. அப்போது மாநிலச் சராசரி 80.09 விழுக்காடு. நவம்பர் 26, 2019 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது.

மாவட்டத்தின் பெரும்பகுதி ஊரகம் என்பதால் ஆசிரியர்கள் பலர் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ தங்கி, செஞ்சி, மயிலம், வானூர், மரக்காணம், விக்கிரவாண்டி போன்ற பகுதிகளிலுள்ள பள்ளிகளுக்கு நாள்தோறும் சென்று வருகின்றனர்.

நேரடி முதுகலைக் கல்விக்கு மாவட்டத்தில் இரு பழைய அரசுக் கல்லூரிகள் உள்ளன. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி 1968 இலும் திண்டிவனம் திரு. ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி 1969 இலும் தொடங்கப்பட்டன. இவை முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், 2002 இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவானபின் அதனிலும் இணைந்திருந்தன. 2021 இன் தொடக்கத்தில் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு பல்கலைக்கழகம் அமைக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டு ஆகத்து இறுதியில் அப்பல்கலைக்கழகத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கும் சட்டம் நிறைவேறியது. அதனைத் தொடர்ந்து மாவட்டத்தின் கலை, அறிவியல் கல்லூரிகள் சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வந்தன.

இக்கல்லூரிகளின் வகுப்பு நேரமும் பள்ளிகளின் வேலை நேரமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. எனவே பணியிலிருக்கும் ஆசிரியர் நேரடி முதுகலைப் படிப்பில் சேர வேண்டுமாயின் விடுப்பு எடுக்க நேரிடுகிறது. தொலைநிலைக் கல்வி இம்மாவட்டத்தில் வேரூன்றியதற்கு இது முதன்மையான காரணமாகும்.

வரலாறு

இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வி 1962 இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971 இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981 இலும் இதனைத் தொடங்கின. இவற்றுள் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் விழுப்புரம் சந்திப்பிலிருந்து மயிலாடுதுறை செல்லும் தொடர்வண்டிப் பாதையில் அமைந்திருப்பதால் இப்பகுதியினருக்கு அணுக எளிதாக இருந்தது.

1982 இல் ஆந்திரப் பிரதேசத்தில் நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அமைந்தது. 1985 இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவாக்கப்பட்டது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 இல் மாநிலச் சட்டத்தின்வழி நிறுவப்பட்டது.

தொலைநிலைக் கல்வியை நெறிப்படுத்தும் பொறுப்பு 2013 வரை தொலைநிலைக் கல்விக் குழுவிடம் இருந்தது. அக்குழு கலைக்கப்பட்டபின் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகம் அப்பொறுப்பை ஏற்றது. 2017 இலும் 2020 இலும் புதிய ஒழுங்குமுறைகள் வெளியிடப்பட்டன.

கல்வி வாய்ப்புகள்

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம்

சென்னை சைதாப்பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட இப்பல்கலைக்கழகம் மாநிலத்தின் பிற ஊர்களில் கற்றல் மையங்களின் வழியாக இயங்குகிறது. தமிழ், ஆங்கிலம், வரலாறு போன்ற பள்ளிப் பாடங்களுடன் பொது நிர்வாகம், சமூகவியல், இதழியல் முதலிய துறைகளிலும் முதுகலைப் படிப்புகளை நடத்தி வந்துள்ளது. பல படிப்புகளைத் தமிழ்வழியில் படித்துத் தேர்வெழுத முடிவது, தமிழ்வழியில் பயின்ற ஊரக ஆசிரியர்களுக்கு இதன் பெரிய நன்மையாகும்.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்

இக்னோ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இப்பல்கலைக்கழகம் பல்துறைப் படிப்புகளில் மிகுதியான தெரிவுகளைக் கொண்டது. கல்வியியல், ஊரக வளர்ச்சி, காந்தியமும் அமைதியும், பாலினமும் வளர்ச்சியும், மொழிபெயர்ப்பியல், மானிடவியல், தொலைநிலைக் கல்வி ஆகிய துறைகளில் முதுகலைப் பட்டங்களை உருவாக்கியுள்ளது. சனவரி, சூலை என ஆண்டிற்கு இருமுறை சேர்க்கை நடைபெறுகிறது. முதுகலைப் படிப்புகளின் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே கிடைப்பது தமிழ்நாட்டு மாணவர்களுக்கு உள்ள குறையாகும்.

பிற பல்கலைக்கழகங்கள்

சென்னை, மதுரை காமராசர், அண்ணாமலை, பாரதிதாசன், அழகப்பா ஆகிய பல்கலைக்கழகங்கள் தொலைநிலைக் கல்விப் பிரிவுகளை நடத்தி வந்துள்ளன. எந்தப் படிப்புக்கு எந்தக் கல்வியாண்டில் ஏற்பு உள்ளது என்பது பல்கலைக்கழகத்திற்குப் பல்கலைக்கழகம் மாறுபடும்.

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் தலைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரியில், 1985 இல் நிறுவப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம் உள்ளது. அங்கு பெண்ணியம், தெற்காசிய ஆய்வு, சமூக விலக்கல் குறித்த ஆய்வு போன்றவற்றுக்குத் தனி மையங்கள் இருந்து வந்துள்ளன. இவற்றின் படிப்புகள் நேரடி வகுப்புகளாக நடைபெறுவதால், நீண்ட விடுப்பு பெறக்கூடியவர்களுக்கே இவை பொருந்தும்.

இணையவழிப் படிப்புகள்

இந்திய அரசின் சுவயம் இணையத்தளம் 2017 இல் தொடங்கப்பட்டது. இதில் தனித்தனிப் பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம். சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு. ஒரு பட்டப் படிப்பில் 40 விழுக்காடு வரையிலான மதிப்பலகுகளை இதன்வழி பெற 2021 ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை இடமளிக்கிறது. எனினும் அதனை ஏற்பது மாணவர் பயிலும் பல்கலைக்கழகத்தின் முடிவைச் சார்ந்தது. முழுப் பட்டத்தில் சேரும் முன்னர் ஒரு புதிய துறை தமக்கு ஒத்துவருமா எனப் பார்க்கவும் சுவயம் பாடங்கள் பயன்படுகின்றன.

தொலைநிலையில் நடத்த இயலாத படிப்புகள்

மருத்துவம், பொறியியல், சட்டம், செவிலியம் போன்ற படிப்புகளைத் தொலைநிலையில் நடத்த அனுமதி இல்லை. உளவியல், நுண்ணுயிரியல், உணவும் ஊட்டச்சத்தும் ஆகியவை 2025 சூலை–ஆகத்துச் சேர்க்கையிலிருந்து இப்பட்டியலில் சேர்ந்தன. மாணவர்களுக்கு வழிகாட்டும் நோக்கில் ஆசிரியர்கள் உளவியல் முதுகலையைத் தொலைநிலையில் கற்பது அதுவரை வழக்கமாக இருந்தது.

படிப்பு நடைபெறும் முறை

தொலைநிலை மாணவருக்குத் தன்கற்றல் நூல்கள் அச்சாகவோ மின்னூலாகவோ வழங்கப்படுகின்றன. கற்றல் மையங்களில் தொடர்பு வகுப்புகள் பெரும்பாலும் விடுமுறை நாட்களில் நடைபெறுகின்றன. ஒவ்வொரு பாடத்திற்கும் ஒப்படைப்பு எழுதித் தர வேண்டும். இக்னோவின் பெரும்பாலான படிப்புகளில் ஒப்படைப்புக்கு 30 விழுக்காடும், சூன் அல்லது திசம்பரில் நடைபெறும் இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காடும் மதிப்பெண் ஒதுக்கப்படுகிறது.

படிப்பின் அளவு கிரெடிட் எனப்படும் மதிப்பலகால் கணக்கிடப்படுகிறது. இக்னோவில் ஒரு மதிப்பலகு 30 மணி நேரப் படிப்புக்குச் சமம். எனவே 80 மதிப்பலகு கொண்ட ஒரு முதுகலைப் படிப்பு 2,400 மணி நேர உழைப்பை எதிர்பார்க்கிறது. இரண்டு ஆண்டுகளில் முடிக்க வாரத்திற்கு ஏறத்தாழ 23 மணி நேரமும், நான்கு ஆண்டுகளில் முடிக்க ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரமும் தேவை. முழுநேர ஆசிரியருக்கு முந்தைய அளவு கடினமானது. நான்கு ஆண்டுகள் வரை படிக்க விதிகள் இடமளிப்பது இதனாலேயே முக்கியமாகிறது.

களப்பணிக்கான உள்ளூர்ப் பொருள்கள்

பல்துறைப் படிப்புகள் சிலவற்றில் ஆய்வறிக்கையோ களப்பணியோ கட்டாயமாகும். விழுப்புரம் மாவட்டத்தில் பல பாடங்கள் சந்திக்கும் இடங்கள் மிகுதியாக உள்ளன.

திருவக்கரை: இங்குள்ள தேசியக் கல்மரப் பூங்காவில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழமையான கல்மரங்கள் உள்ளன. நிலவியல், தாவரவியல் ஆகியவற்றோடு, அதே ஊரின் சந்திரமௌலீசுவரர் கோயில் வழியாக வரலாறும் இங்கே இணைகிறது.

மண்டகப்பட்டு: முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரை இங்குள்ளது. செங்கல், மரம், உலோகம், சுதை இன்றி இது அமைக்கப்பட்டதாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. கட்டடக்கலை, மொழி, சமய வரலாறு ஆகியவற்றை ஒருங்கே கற்பிக்க ஏற்றது.

கழுவேலி: மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்துள்ள இவ்வுவர்நீர் ஈரநிலம் 2021 இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. பறவைகள், மீன்பிடி, உப்பளம், பாசனம் ஆகியவற்றின் தேவைகள் இங்கே ஒன்றோடொன்று உரசுகின்றன.

கீழ்வாலை: தொல்பழங்காலப் பாறை ஓவியங்கள் உள்ள இடம்.

செஞ்சி: பல அரசுகளின் கைமாறிய மலைக்கோட்டை. அரசியல் வரலாற்றோடு நீர் மேலாண்மையையும் ஆராய இடமளிக்கிறது.

திண்டிவனம் வட்டாரத்தின் இருளர் குடியிருப்புகள், மரக்காணம் உப்பளத் தொழிலாளர்கள், செஞ்சிப் பகுதியின் வேளாண்மை ஆகியவை ஊரக வளர்ச்சி, மானிடவியல், கல்வியியல் துறைகளுக்குரிய ஆய்வுப் பொருள்களாகும். அவ்வூர்ப் பிள்ளைகளுக்கே நாள்தோறும் கற்பிக்கும் ஆசிரியருக்கு, வெளியிலிருந்து வரும் ஆய்வாளரைவிடக் களம் நன்கு அறிமுகமானது.

பட்டத்தின் செல்லுபடி

ஏற்பு

தொலைநிலைப் பட்டம் செல்லுபடியாக, மாணவர் சேர்ந்த கல்வியாண்டில் அப்படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பு இருந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகம் புகழ்பெற்றது என்பதோ அரசுப் பல்கலைக்கழகம் என்பதோ மட்டும் போதாது. எடுத்துக்காட்டாக, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014–15 கல்வியாண்டு வரை மட்டுமே ஏற்பு வழங்கப்பட்டிருந்ததாக மானியக் குழு மார்ச் 2022 இல் பொது அறிவிப்பு வெளியிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கு சேர்ந்து பயின்றோரிடையே இது பெரும் கவலையை ஏற்படுத்தியது.

மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே மையம் நடத்துவதும், தனியாரிடம் மையத்தை ஒப்படைத்து முழுப் படிப்பையும் நடத்தச் செய்வதும் விதிகளுக்குப் புறம்பானவை. ஏற்புப் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகத்தால் வெளியிடப்படுகிறது. 2024 முதல் தொலைநிலை மாணவர் ஒவ்வொருவரும் அப்பணியகத்தின் தளத்தில் தனி அடையாள எண் பெறுவது கட்டாயமாக்கப்பட்டது.

வரிசைமுறை

பள்ளிக் கல்வியை முடிக்காதவர்களும் குறிப்பிட்ட வயதை எட்டியிருந்தால் நேரடியாகப் பட்டப் படிப்பிலும், சில பல்கலைக்கழகங்களில் முதுகலையிலும் சேர முன்பு இடமளிக்கப்பட்டது. இளங்கலைப் பட்டம் இன்றித் திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என 2009 பெப்ரவரியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகத்து 18 அன்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட அரசாணை எண் 107, பத்தாம் வகுப்பு, மேல்நிலை, பட்டம் என்ற வரிசையில் பெறப்பட்ட பட்டங்களையே அரசுப் பணிக்கு ஏற்றது.

ஓராண்டில் பெறப்பட்ட கூடுதல் இளங்கலைப் பட்டங்களும் சிக்கலுக்கு உள்ளாயின. இரட்டைப் பட்டம் என அழைக்கப்பட்ட இவை ஆசிரியர் பதவி உயர்வுக்குத் தகுதியாகா எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2010களில் தீர்ப்பளித்தது. ஒரே காலத்தில் இரு படிப்புகளைத் தொடர மானியக் குழு ஏப்ரல் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அனுமதிக்கிறது.

பாடப் பொருத்தம்

பல்துறைப் பட்டம் பெறும் ஆசிரியரை மிகுதியாகப் பாதிப்பது இதுவே. மேல்நிலைப் பள்ளியின் முதுகலை ஆசிரியர் பணியிடம் பள்ளிப் பாடங்களின் அடிப்படையில் அமைந்தது. நேரடி நியமனத்தில் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்திலோ அதற்கு இணையான பாடத்திலோ இருக்க வேண்டும் என எதிர்பார்க்கப்படுகிறது. இரண்டும் வெவ்வேறு பாடங்களாக இருப்பின் கிராசு மேசர் எனப் பேச்சுவழக்கில் குறிப்பிடப்படும். எனவே வரலாற்றில் இளங்கலை பெற்ற பட்டதாரி ஆசிரியர் ஊரக வளர்ச்சியிலோ காந்தியத்திலோ முதுகலை பெற்றால், அப்பட்டம் அவரை முதுகலை ஆசிரியர் பதவிக்குக் கொண்டுசெல்லாது. பெயர் மாறுபட்ட ஒரு பட்டம் பள்ளிப் பாடத்திற்கு இணையானதா என்பதை அரசின் இணைத்தன்மை குறித்த ஆணைகளே முடிவு செய்கின்றன.

கல்வியியல் முதுகலையாகிய எம்.ஏ. பட்டமும் எம்.எட். பட்டமும் வெவ்வேறானவை. ஆசிரியர் கல்வி நிறுவனங்களின் சில பணியிடங்களுக்கு, பி.எட். பட்டத்துடன் சேர்ந்த கல்வியியல் எம்.ஏ. ஏற்கப்படுகிறது. எந்த முதுகலைப் பட்டமும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு மாற்றாகாது. எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு அத்தேர்வு தேவை என உச்ச நீதிமன்றம் செப்டம்பர் 1, 2025 அன்று தீர்ப்பளித்தது.

கல்லூரிப் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வில் பெண்ணியம், சுற்றுச்சூழல் அறிவியல், மனித உரிமைகள், முதியோர் கல்வி ஆகியவை தனிப் பாடங்களாக உள்ளன. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு இத்தேர்வில் வயது வரம்பு இல்லை.

முன் அனுமதியும் ஊக்க ஊதியமும்

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் உயர்கல்வியில் சேரும் முன் துறையின் அனுமதி பெறுவது நடைமுறையாகும். படித்து முடித்தபின் பட்டத்திற்கு உண்மைத்தன்மைச் சான்று பெற்றுப் பணிப்பதிவேட்டில் பதிவு செய்யப்படுகிறது. அனுமதியின்றிப் பெற்ற பட்டம் பின்னர்ப் பயன் கோரும்போது தடையாகலாம்.

கூடுதல் கல்வித் தகுதிக்கு நிலையான ஊக்க ஊதிய உயர்வு பெறுவது தமிழ்நாட்டு ஆசிரியர்கள் முதுகலை படிப்பதற்கு நெடுங்காலம் முக்கியத் தூண்டுதலாக இருந்தது. மார்ச் 10, 2020 நாளிட்ட அரசாணை எண் 37 அரசு ஊழியர்களுக்கான இம்முறையை நீக்கியது. 2021 இல், கூடுதல் தகுதிக்கு ஒருமுறை மட்டும் மொத்தத் தொகை வழங்கும் முறை அறிவிக்கப்பட்டது.

ஆய்வுப் பட்டங்கள்

2000களில் தொலைநிலையில் ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற ஆசிரியர்கள் பெருந்தொகையில் சேர்ந்தனர். 2009 ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை ஆய்வியல் நிறைஞர், முனைவர் ஆகிய இரு பட்டங்களையும் தொலைநிலையில் வழங்கத் தடை விதித்தது. 2022 ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை ஆய்வியல் நிறைஞர் பட்டத்தையே கைவிட்டது. முனைவர் பட்டத்தைப் பகுதிநேரமாக மேற்கொள்ள அதே ஒழுங்குமுறை இடமளிக்கிறது. அதற்குப் பணியளிக்கும் நிறுவனத்தின் தடையின்மைச் சான்று தேவை. பல்துறை முதுகலை பெற்றவர்களுக்கு, பணியைத் தொடர்ந்தவாறே ஆய்வுக்குச் செல்ல இதுவே எஞ்சியுள்ள வழியாகும்.

விமர்சனங்கள்

தொடர்பு வகுப்புகள் குறைவாக இருத்தல், நூலக வசதி இன்மை, ஒப்படைப்புகளைப் பார்த்தெழுதும் வழக்கம் ஆகியவை தொலைநிலைக் கல்வி குறித்துப் பொதுவாகக் கூறப்படும் குறைகள். ஆய்வறிக்கை எழுதுவோருக்கு நல்ல நூலகம் இன்றியமையாதது. இம்மாவட்டத்தினருக்கு அருகிலுள்ள பெரிய ஆய்வு நூலகங்கள் சிதம்பரத்திலும் புதுச்சேரியிலும் உள்ளன. 1955 இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் இந்தியவியல், சூழலியல், சமூக அறிவியல் ஆகிய மூன்று துறைகளிலும் ஆய்வு நடத்தி வருகிறது.

பள்ளிப் பாடநூல்கள் சூழல், பாலினம், உள்ளூர் வரலாறு போன்ற பல்துறைப் பொருள்களைக் கற்பிக்குமாறு ஆசிரியரைக் கோருகின்றன. பதவி உயர்வு விதிகளோ ஒரே பாடத்தில் பெற்ற பட்டத்தையே மதிக்கின்றன. ஊக்க ஊதியமும் நீங்கியபின், பல்துறைப் பட்டம் ஆசிரியருக்கு வகுப்பறையிலும் ஆய்விலும் பயன்தருகிறது. பணிநிலையில் தரும் பயன் மிகக் குறைவு. இதனால், பதவி உயர்வுக்கு உரிய பாடத்தில் முதலில் முதுகலை முடித்து, தம் விருப்பத் துறையை இரண்டாம் முதுகலையாகவோ பட்டயமாகவோ கற்போரும் உள்ளனர்.

இவற்றையும் பார்க்கவும்

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம்
இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்
அண்ணாமலைப் பல்கலைக்கழகம்
தொலைநிலைக் கல்வி
விழுப்புரம் மாவட்டம்
திண்டிவனம்